சுண்டைக்காயின் கசப்பில் மருந்து எவ்வளவு?

பங்குனி வெயில் ஏறியதும் மதுரைப் பக்கம் மொட்டை மாடிகளில் வத்தல் காயத் தொடங்கிவிடும். மோர் மிளகாய், மிதுக்கங்காய், மணத்தக்காளி, கூடவே சுண்டைக்காய். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் சுண்டை வத்தல் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. பச்சைக் காய் வேண்டுமென்றால் உழவர் சந்தைக்குப் போகலாம். தமிழகத்தின் முதல் உழவர் சந்தையே 1999-ல் இங்கே அண்ணா நகரில்தான் திறந்தார்கள்.

சமையலறைக்கு வெளியே இந்தக் காய்க்கு இப்போது இன்னொரு பேரும் வந்துவிட்டது. சர்க்கரையைக் குறைக்கும், ரத்தம் ஊறும், வயிற்றுப் பூச்சியை ஒழிக்கும், புற்றுநோய் வராமல் காக்கும் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு தகவல் சுற்றுகிறது. கடைசியில் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆராய்ச்சி நடந்திருப்பது உண்மைதான். ஆனால் எதை வைத்து, யாரிடம், எந்த அளவில் நடந்தது என்பது அந்தத் தகவல்களில் இருப்பதில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுச் சுண்டை வத்தல் பொடிக்கு மாறலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கும்போது, அந்த விவரங்களைச் சொல்லாமல் விடக்கூடாது.

முதலில் செடி. சுண்டை, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தரி, தக்காளி, உருளை, மிளகாய், புகையிலை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம். நம் அன்றாடச் சோற்றுக்கும், ஆளைக் கொல்லும் நஞ்சுக்கும் ஒரே குடும்பத்தில் இடம் இருக்கிறது என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும். சுண்டையின் தாவரவியல் பெயர் சோலானம் டோர்வம். 1780-களில் கரீபியத் தீவுகளில் செடிகள் சேகரித்த ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1788-ல் இந்தப் பெயரைப் பதிவு செய்தார். பூர்வீகம் மத்திய அமெரிக்காவும் கரீபியப் பகுதியும்தான். மிளகாயும் தக்காளியும் வந்த திசையிலிருந்தே இதுவும் வந்து, நம் வேலியோரங்களில் தானாக முளைக்கும் அளவுக்கு ஊன்றிக்கொண்டது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் 'சுண்டை' என்ற பெயரில் ஒரே செடி வருவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூப் பூத்து, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய் காய்ப்பது சோலானம் டோர்வம். மலையடிவாரங்களில் வளரும் சோலானம் பியூபெசென்ஸ் என்ற இன்னொரு இனமும் சுண்டை என்றே அழைக்கப்படுகிறது. அதன் பூ ஊதா நிறம். இரண்டையும் காயவைத்து மோரில் ஊறப்போட்ட பிறகு வெறும் கண்ணால் பிரித்தறிவது லேசில் முடியாது. ஒன்றில் செய்த ஆய்வின் முடிவை மற்றதன் மேல் ஏற்றக்கூடாது. பழைய சித்த மருத்துவ நூல்கள் சொல்லும் சுண்டை எந்த இனம் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வருகிறது. சுண்டையைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது கவலையாகவே இருக்கிறது.

சரி, காய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பச்சைச் சுண்டைக்காயை நசுக்கித் தண்ணீரில் போட்டுக் கையால் அலசினால் லேசாக நுரை கட்டும். அந்த நுரைக்குக் காரணம் சபோனின் என்ற வகைப் பொருள்கள். கசப்பிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால் சுண்டையின் நல்லதும் கெட்டதும் ஏன் ஒன்றாகவே வருகின்றன என்பது விளங்கிவிடும். நான்கு வளையங்கள் ஒட்டிக்கொண்ட ஸ்டீராய்டு எலும்புக்கூடு ஒன்று. அதில் 27 கார்பன் அணுக்கள். நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலிலும் அதே 27 கார்பன்தான். செடி இந்தப் பொருள்களைக் கொலஸ்ட்ராலிலிருந்தே தயாரிக்கிறது. அந்த எலும்புக்கூட்டின் ஒரு முனையில் சர்க்கரை மூலக்கூறுகள் இரண்டோ மூன்றோ சங்கிலியாகத் தொங்கும். ஸ்டீராய்டுப் பகுதி எண்ணெயோடு சேரும், சர்க்கரைப் பகுதி தண்ணீரோடு சேரும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலை. அதனால்தான் நுரைக்கிறது.

இந்தப் பொருள்கள் இரண்டு கிளையாகப் பிரிகின்றன. ஒரு கிளையில் வளையத்துக்குள் ஆக்சிஜன் மட்டும் இருக்கும். சுண்டையிலிருந்து பிரித்தெடுத்து 'டோர்வோசைடு' என்று பெயரிட்ட சபோனின்கள் இந்தக் கிளை. இன்னொரு கிளையில் ஓர் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். இவை கிளைக்கோ ஆல்கலாய்டுகள். சோலசோனின், சோலமார்ஜின் இரண்டும் இந்தக் கிளையின் முக்கியமான பெயர்கள். இவற்றிலிருந்து சர்க்கரையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது சோலசோடின். பச்சை ஏறிய உருளைக்கிழங்கில் இருக்கும் சோலனினும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

சோலசோடினுக்கு மருந்து உலகில் தனி மரியாதை உண்டு. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருக்கும் டயோஸ்ஜெனினை எடுத்து, அதிலிருந்து புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைத் தயாரித்துக் காட்டினார். கருத்தடை மாத்திரை வரைக்கும் போன பாதை அங்கேதான் தொடங்கியது. சோலசோடினின் உருவம் டயோஸ்ஜெனினை ஒட்டியது என்பதால், ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலப்பொருளாக இதையும் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். இந்தியாவில் இதற்காகவே சோலானம் வியாரம் என்ற முள் கத்தரி இனத்தைப் பயிரிட்டார்கள். கத்தரிக் குடும்பக் காய்களுக்கு மருத்துவ மதிப்பு உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக உறுதியான சான்று இதுதான். ஆனால் அங்கே காய் மருந்தாகவில்லை. தொழிற்சாலையில் பல படிகள் மாற்றிய பிறகு கிடைத்த பொருள்தான் மருந்தானது.

கிளைக்கோ ஆல்கலாய்டுகள் உடம்பில் இரண்டு வேலை செய்கின்றன. நம் செல்களின் மேலுறையில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. இவை அதோடு ஒட்டிக்கொண்டு உறையில் ஓட்டை போடுகின்றன. பூஞ்சையின் உறையிலும் அதே மாதிரியான ஸ்டீரால் இருப்பதால் பூஞ்சையும் பாதிக்கப்படும். செடி இவற்றைத் தயாரிப்பதே தன்னைக் காத்துக்கொள்ளத்தான். இரண்டாவதாக, நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதியை இவை தடுக்கின்றன. பூச்சிமருந்துகளில் ஒரு வகை செய்யும் வேலையும் இதுவே.

இதை மனதில் வைத்துக்கொண்டு, 'புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும்' என்று வரும் செய்தியைப் படித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்லின் மேல் சோலமார்ஜினை ஊற்றினால் அது சாகும். உறையில் ஓட்டை போடும் பொருளுக்கு அது பெரிய காரியமே இல்லை. நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்ட செல்லை மட்டும் கொல்லுமா, குடலையும் கல்லீரலையும் தாண்டிக் கட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா என்பவைதான் கேள்விகள். தட்டில் செய்த சோதனை அவற்றுக்குப் பதில் சொல்லாது.

இனி சர்க்கரை நோய் விஷயம். இதில்தான் சுண்டைக்குக் கொஞ்சம் பலமான ஆதாரம் இருக்கிறது, அதனால் நிதானமாகவே பார்க்கலாம்.

நசுக்கிய சுண்டைக்காயை வெளியில் வைத்தால் சில நிமிஷத்தில் வெட்டுப்பட்ட இடம் பழுப்பாகிவிடும். கத்தரிக்காயை அரிந்ததும் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போவதும் இதே காரணத்தால்தான். இந்தக் காய்களில் குளோரோஜெனிக் அமிலம், கேஃபிக் அமிலம் போன்ற ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. காய் நசுங்கியதும் அதிலிருக்கும் ஒரு நொதியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து இவற்றைப் பழுப்பு நிறப் பொருளாக மாற்றிவிடுகின்றன. சுண்டையில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மெத்தில் கேஃபியேட் என்ற பொருளும் கிடைத்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தைக் குடலில் குளுக்கோஸாக உடைப்பவை ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதிகள். அவற்றை மெத்தில் கேஃபியேட் தடுக்கிறது என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரை வேலை செய்யும் விதமும் இதுதான். மாவு மெதுவாக உடைந்தால் சாப்பிட்டவுடன் ரத்தச் சர்க்கரை சட்டென்று எகிறாது.

அடுத்த வருஷம், 2011-ல், சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சுண்டைக்காயிலிருந்து மெத்தில் கேஃபியேட்டைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருள் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கக்கூடியது. அதைச் செலுத்திச் சர்க்கரை நோய் வரவழைக்கப்பட்ட எலிகள் அவை. எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை கொடுத்ததில் ரத்தச் சர்க்கரை குறைந்தது. குளுக்கோஸைத் தசைக்குள் இழுக்கும் குளுட்-4 என்ற புரதம் கூடியது. கணையச் செல்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. நம் ஊர்க் காயை வைத்து நம் ஊரில் நடந்த அக்கறையான வேலை அது.

ஆனால் அந்த 40 மில்லிகிராமைச் சமையலறைக்குக் கொண்டுவரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற, வழக்கமாக ஆறு சொச்சத்தால் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு ஆறரை மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய 390 மில்லிகிராம். இது காயின் எடை கிடையாது, காயிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த ஒரே ஒரு பொருளின் எடை. வத்தக்குழம்பில் மிதக்கும் பத்துப் பன்னிரண்டு வத்தலிலிருந்து அவ்வளவு கிடைக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆய்வகத்தில் இந்த வகைப் பொருள்களைப் பிரிக்க வழக்கமாக மெத்தனால் என்ற ஆல்கஹாலைப் பயன்படுத்துவார்கள். கேஃபிக் அமிலமும் குளோரோஜெனிக் அமிலமும் மெத்தனாலோடு சேர்ந்து மெத்தில் எஸ்டராக, அதாவது மெத்தில் கேஃபியேட் போன்ற பொருளாக, மாறக்கூடியவை. அதனால், காயில் இயற்கையாகவே இருந்தது எவ்வளவு, பிரிக்கும்போது உண்டானது எவ்வளவு என்று கேட்க ஒரு வேதியியலாளருக்கு நியாயம் இருக்கிறது. நம் வீட்டில் யாரும் மெத்தனாலில் குழம்பு வைப்பதில்லை.

வைரஸ் பற்றிய ஆய்வும் ஒன்று உண்டு. 2002-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் சுண்டைக்காயிலிருந்து டோர்வனால் ஏ, டோர்வோசைடு ஹெச் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்தார்கள். வாயோரம் கொப்புளம் போட வைக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸை இவை ஆய்வகத்தில் தடுத்தன. அதுவும் தட்டில் நடந்த சோதனைதான். தாய்லாந்தில் பச்சைக் கறிக் குழம்பில் முழுச் சுண்டைக்காயைப் போட்டே சமைப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் இந்தக் காய் மேல் அக்கறை அதிகம்.

மோரும் வெயிலும்

நாம் சாப்பிடுவது ஆய்வகத்துச் சாறு இல்லை, வத்தல். அதனால் வத்தல் போடும் முறையை வேதியியல் கண்ணோடு பார்ப்பது அவசியம்.

காம்பு ஆய்ந்த காயை அம்மிக் கல்லிலோ டம்ளர் அடியிலோ வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தோல் வெடித்து விதை பிதுங்கும். அதைத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று தரம் அலசுகிறோம். விதையில் பாதி போய்விடும். தண்ணீரில் கரைகிற சபோனினும் கொஞ்சம் போகும், கசப்பு ஒரு படி இறங்கும். பிறகு உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுகிறோம். நாலைந்து நாளில் மோர் முழுக்க வற்றி, காய் சுருங்கி, மேலே வெள்ளை பூத்து, கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

மோரின் புளிப்பு இங்கே இரண்டு விதமாக வேலை செய்கிறது. பழுப்பாக்கும் நொதி புளிப்பில் மந்தமாகிவிடும், அதனால் ஃபீனால் வகைப் பொருள்கள் ஓரளவு தப்பிக்கும். இது லாபம். கிளைக்கோ ஆல்கலாய்டுகள் அமிலம் கலந்த தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆய்வகத்தில் உருளைக்கிழங்கிலிருந்து இவற்றைப் பிரிக்க நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, மோரில் ஊறும்போது காயிலிருந்து கொஞ்சம் ஆல்கலாய்டு மோருக்குள் இறங்க வழி உண்டு. ஆனால் அந்த மோரை நாம் கொட்டுவதில்லையே! வற்றும் வரை திரும்பத் திரும்ப அதிலேயே போடுவதால், இறங்கியதெல்லாம் காய் மேலேயே மறுபடி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். 'மோரில் ஊறினால் நச்சு முறிந்துவிடும்' என்று பரவலாகச் சொல்வதை நான் இதனால் அப்படியே ஏற்கத் தயாராக இல்லை. முதலில் தண்ணீரில் அலசி ஊற்றுகிறோமே, அந்தப் படிதான் முக்கியம். அவசரத்தில் அதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

வறுத்தால் போய்விடாதா என்று கேட்கலாம். சோலனின் வகைப் பொருள்கள் வேகவைக்கும் சூட்டுக்கு அசைவதில்லை. எண்ணெயில் பொரிக்கும் சூட்டிலும் பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும். ஃபீனால் பொருள்கள்தான் வெயிலிலும் எண்ணெயிலும் அதிகம் அடிபடும். அதாவது நாம் விரும்பும் பொருள் குறைந்து, பயப்படும் பொருள் அப்படியே நிற்க இடமிருக்கிறது. நல்லெண்ணெயில் கருகும் அளவுக்கு வறுப்பதைவிடப் பொரிந்ததும் எடுத்துவிடுவது நல்லது.

பயப்படும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? வழக்கமாகச் சாப்பிடும் அளவில் பயமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறோம், அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஜமைக்காவில் இதே சுண்டைக்காயை 'சசம்பர்' என்று அழைத்து, உப்புக் கருவாட்டோடு சேர்த்துச் சமைப்பார்கள். அமெரிக்காவில் வாழும் ஜமைக்கா வம்சாவளியினர் சிலர் எப்போதும்போல இதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், நாக்குழறல், நடையில் தள்ளாட்டம். பார்த்தால் பக்கவாதம் என்றே தோன்றும். இதை ஆராய்ந்து 2008-ல் வெளிவந்த நச்சியல் கட்டுரை, காரணம் கிளைக்கோ ஆல்கலாய்டுகளே என்றது. எப்போதும் சாப்பிடும் காய் சில சமயம் நஞ்சாகக் காரணம், இந்தப் பொருள்களின் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறுவதுதான். காயின் முதிர்ச்சி, அடிபட்டது, வெயில், நிலம் எல்லாம் இதில் சேரும். உருளைக்கிழங்குக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று ஓர் எல்லையை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். நம் சந்தைக்கு வரும் சுண்டைக்காயை அப்படி யாரும் அளந்து அனுப்புவதில்லை. நாக்கு சுருங்கும் அளவுக்கு, வழக்கத்துக்கு மீறிக் கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். கசப்பு கூடினால் மருந்தும் கூடும் என்று முழுங்க வேண்டாம்.

உடன்பிறப்புகளைப் பற்றியும் கொஞ்சம். மணத்தக்காளியின் பச்சைக் காயில் கிளைக்கோ ஆல்கலாய்டு அதிகம், கறுத்துப் பழுத்ததும் குறைந்துவிடும். நாம் வத்தல் போடுவது பச்சைக் காயில்தான். அதனால் அலசும் வேலை அதற்கும் பொருந்தும். திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மைய விஞ்ஞானிகள் மணத்தக்காளி இலையிலிருந்து உட்ரோசைடு பி என்ற சபோனினைப் பிரித்து, கல்லீரல் புற்றுநோய்க்கு எதிராக அது வேலை செய்வதை 2016-ல் வெளியிட்டார்கள். 2021-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு அரிய நோய் மருந்துத் தகுதி கொடுத்தது. இந்தக் குடும்பத்தின் சபோனின்களுக்கு மருந்தாகும் தகுதி நிஜமாகவே உண்டு என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தகுதி மேற்கொண்டு சோதிப்பதற்கான ஊக்கம்தான், விற்பனைக்கான அனுமதி கிடையாது. அதுவும் கிடைத்தது கீரையிலிருந்து பிரித்த ஒரே மூலக்கூறுக்கு, கீரைக் கூட்டுக்கு அல்ல. அப்புறம் கண்டங்கத்திரியும் தூதுவளையும். ஆஸ்துமா நோயாளிகளுக்கு இவற்றின் தூளைக் கொடுத்து மூச்சின் வேகத்தை அளந்த சிறிய ஆய்வு 1999-ல் வந்தது. மூச்சுத் திணறல் குறைந்தது தெரிந்தது. மனிதரிடம் நடந்தது என்ற வகையில் எலி ஆய்வுகளைவிட இதற்கு எடை கூடுதல்.

ரத்தசோகைக்குச் சுண்டை வத்தல் என்று சொல்வதற்கும் அடிப்படை இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையில் காய்ந்த சுண்டைக்கு 100 கிராமில் சுமார் 22 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கிறது. கேட்பதற்குப் பெரிய எண். ஒரு வேளைக்கு நாம் போடும் வத்தல் பத்துக் கிராம் தேறினால் அதிகம். அதில் இரண்டு மில்லிகிராம் சொச்சம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்பது 2020-ல் வந்த இந்தியப் பரிந்துரை. அதிலும் தாவர இரும்பை உடம்பு பத்தில் ஒரு பங்குகூட உறிஞ்சாது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் உறிஞ்சுவது கூடும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே போன பெண்ணுக்கு இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வத்தலைக் கொடுப்பது அநியாயம்.

சித்த மருத்துவத்தில் சுண்டை வற்றல் சூரணம் என்று ஒன்று உண்டு. கழிச்சலுக்கும் கிராணி என்ற நாள்பட்ட வயிற்றுப்போக்குக்கும் மோரில் கலந்து கொடுப்பார்கள். சுண்டை வற்றலோடு மாங்கொட்டைப் பருப்பு, மாதுளை ஓடு, நெல்லி வற்றல், கறிவேப்பிலை, ஓமம், வெந்தயம் சேரும். பட்டியலைப் பார்த்தாலே தெரியும்: மாதுளை ஓடும் மாங்கொட்டையும் துவர்ப்பு மிகுந்தவை, குடலைக் கட்டும் டானின் நிறைந்தவை. சூரணம் கேட்கிறது என்றால் பெருமை முழுவதையும் சுண்டைக்கே எழுதிவிட முடியாது. அதை வடிவமைத்தவர்களும் சுண்டையைத் தனியாக விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனிச் சுண்டைப் பொடியை மாத்திரைக் குப்பியில் அடைத்து 'சித்த மருந்து' என்று விற்கிறவர்கள் அந்த முறையிலிருந்து விலகித்தான் போகிறார்கள்.

பொடியிலும் சாற்றிலும்தான் எனக்குப் பயம் அதிகம். குழம்பில் போட்டால் கசப்பே நம்மை நிறுத்திவிடும், யாரும் ஐம்பது வத்தலைத் தின்ன மாட்டார்கள். மாத்திரைக் கூட்டில் அடைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடுகிறது. கர்ப்பிணிகள் இந்த வடிவங்களைத் தொடவே கூடாது. வெள்ளெலி வகையைச் சேர்ந்த ஹாம்ஸ்டருக்கு அதிக அளவில் சோலசோடின் கொடுத்தபோது குட்டிகளுக்கு முதுகெலும்பிலும் மண்டையோட்டிலும் பிறவிக் கோளாறுகள் வந்தன. குழம்பில் சேரும் அளவை அதோடு ஒப்பிடக் கூடாது, ஆனால் செறிவூட்டிய சாறு வேறு விஷயம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கூடவே சுண்டைச் சாறும் குடித்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போக வாய்ப்பு உண்டு. குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உப்பை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. சர்க்கரை இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கிறது. வத்தல் கெடாமல் இருக்க உப்பைத் தாராளமாகப் போடுகிறோம். மருந்தென்று நினைத்து மூன்று வேளையும் வறுத்துச் சாப்பிடும் பெரியவருக்குப் போய்ச் சேர்வது முதலில் உப்பு, அப்புறம் எண்ணெய், மூன்றாவதாகத்தான் சுண்டை. அவர்களுக்குப் பச்சைக் காய் நல்லது. நசுக்கி, நன்றாக அலசி, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டாகவோ புளிக்குழம்பாகவோ வாரத்தில் ஓரிரு நாள்.

இதற்கு மேல் தெரிந்துகொள்ள பெரிய செலவு தேவையில்லை. ஒரே வீட்டுக் காயைப் பச்சையாக, அலசிய பிறகு, மோரில் ஊறிய பிறகு, காய்ந்த பிறகு, வறுத்த பிறகு என்று ஐந்து கட்டத்தில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சோலசோனினும் குளோரோஜெனிக் அமிலமும் எவ்வளவு என்று அளந்தால் மோர் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். அளக்கும் கருவி பல கல்லூரிகளில் இருக்கிறது. சர்க்கரை விஷயத்துக்கு எலியும் வேண்டாம். சர்க்கரை இல்லாத இருபது முப்பது பேர் சம்மதித்தால் போதும். ஒரு நாள் சுண்டை வத்தக்குழம்பும் சோறும். இன்னொரு நாள் அதே புளி, அதே எண்ணெய், அதே எடைச் சோறு, சுண்டை மட்டும் இல்லாமல். சாப்பிட்டதிலிருந்து அரை மணிக்கொரு தடவை இரண்டு மணி நேரம் வரை ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். எந்தச் செடியின் காய் என்பதைப் பூவோடு சேர்த்து ஒரு தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.